பல்லைப் பிடுங்கும் முன் ஒரு துண்டு சதை

வாய்ப்புற்றுநோய் என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது புகையிலைதான். வெற்றிலையோடு சேர்த்து அடக்கிக்கொள்வது, பாக்குப் பொட்டலம், பீடி, சிகரெட். அந்தப் பயம் நியாயமானது. வாயில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், வாயின் மேற்படலத்தில் தொடங்கும் செதிள்செல் புற்றுநோய். இந்தியாவில் அதற்குப் பெரும் காரணம் புகையிலையும் பாக்கும். ஆனால் இந்தப் பயத்தோடு ஒரு தவறான தைரியமும் சேர்ந்தே வருகிறது. “எங்கம்மா வெற்றிலையைத் தொட்டதே இல்ல டாக்டர், அவங்களுக்கு எப்படிப் புற்றுநோய் வரும்?” என்று சொல்லிக்கொண்டே ஈறு வீக்கத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை முதலில் பார்க்கும் பல் மருத்துவர்களுக்காகவும்தான் இந்த நீண்ட பதிவு.

நான் பல் மருத்துவம் படித்துவிட்டு வாய் நோய்க்குறியியலில் மேற்படிப்பு முடித்தவள். நோயாளியின் வாயிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. என் மேசைக்கு வரும் துணுக்குகளில் பெரும்பாலானவை புகையிலைப் புற்றுநோய்கள்தான். எப்போதாவது ஒன்று வேறு மாதிரி இருக்கும். மேற்படலம் நன்றாக இருக்கும். அதன் அடியில் மட்டும் கருநீலமாகச் சின்னச் சின்ன வட்டச் செல்கள் வரம்பில்லாமல் பரவிக் கிடக்கும். அதுதான் லிம்போமா. வாய்ப்புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அரிது என்பதாலேயே கடைசியில் நினைக்கப்படுகிற நோய்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வாயில் வரும் லிம்போமாவுக்குப் பெயர் சரியாகத் தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும். செதிள்செல் புற்றுநோய் என்றால் கத்திதான் முதல் மருந்து. தாடையை வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம். லிம்போமாவுக்குத் தாடையை வெட்டத் தேவையில்லை. ஊசி மருந்து, கதிர்வீச்சு, சில வேளைகளில் ஏற்கெனவே சாப்பிடும் ஒரு மாத்திரையை நிறுத்தினாலே போதும். கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி வீக்கம்தான். வித்தியாசம் அந்தத் துணுக்குச் சதைக்குள் இருக்கிறது.

லிம்போமா வாய்க்குள் எப்படி?

லிம்போமா என்பது லிம்போசைட் எனும் வெள்ளணுக்களில் தோன்றும் புற்றுநோய். இந்த அணுக்கள் நிணநீர்க்கணுக்களில் குடியிருக்கின்றன. கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில் நெறி கட்டும்போது கையில் தட்டுப்படுமே, அவைதான். ஆனால் லிம்போசைட்டுகள் கணுக்களில் மட்டும் இருப்பதில்லை. தொண்டையைச் சுற்றி டான்சில், நாக்கின் அடிப்பகுதி, மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு எல்லாம் சேர்ந்து ஒரு வளையமே இருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் தாடை எலும்பின் மச்சையிலும் ஈறுகளின் அடியிலும் இந்த அணுக்கள் உண்டு. அங்கெல்லாம் லிம்போமா தொடங்கலாம். வாய்க்குள் என்றால் மேல் அண்ணம், ஈறு, தாடை எலும்பு, கன்னத்தின் உட்புறம் ஆகியவை அதிகம் கண்ணில் படும் இடங்கள்.

சிக்கல் என்னவென்றால், இது பல் வியாதியைப் போலவே வேஷம் போடும். ஈறு வீங்கும். பல் ஆடும். தாடை வலிக்கும். ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று ஆன்டிபயாடிக் கொடுத்தால், கூடவே இருந்த சாதாரணத் தொற்று கொஞ்சம் அடங்குவதால் நாலு நாளைக்குச் சுகம் தெரியும். பிறகு ரூட் கேனால். அதற்கும் வலி போகாது. பிறகு பல்லைப் பிடுங்குவார்கள். பிடுங்கிய குழி ஆறாமல், அதிலிருந்து சதை முளைத்து வெளியே வரும். பல கேஸ்களில் நோய் கடைசியாகப் பிடிபடுவது இந்தக் கட்டத்தில்தான்.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்? நான் பல் மருத்துவ மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இவைதான்:

- சொத்தையும் இல்லை, ஈறு நோயும் இல்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பற்கள் திடீரென்று ஆடுகின்றன.
- கீழுதடும் முகவாயும் மரத்துப்போகின்றன. பல் சிகிச்சை எதுவும் செய்யாமலே அப்படி ஆனால் அது பெரிய எச்சரிக்கை. தாடைக்குள் ஓடும் நரம்பை ஏதோ அழுத்துகிறது அல்லது ஊடுருவுகிறது.
- எக்ஸ்ரேயில் பல் வேரைச் சுற்றியிருக்கும் மெல்லிய வெள்ளைக் கோடு மறைந்திருக்கிறது, வேருக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி அகலமாகியிருக்கிறது, எலும்பு எந்த எல்லையும் இல்லாமல் அரித்ததுபோல் மங்கியிருக்கிறது.
- அண்ணத்தில் வலியில்லாத, கொழகொழப்பான, சற்று ஊதா நிறமான வீக்கம்.
- இவற்றோடு காரணமில்லாத காய்ச்சல், ராத்திரியில் உடுப்பு நனையும் வியர்வை, எடை குறைவு. வாயில் தொடங்கும் லிம்போமாவில் இவை இல்லாமலும் இருக்கலாம் என்பதால், இல்லை என்று நிம்மதி அடையக் கூடாது.

துணுக்கு எடுப்பதிலேயே பாதி நோயறிதல்

ஒரு சின்ன பாட்டிலில் மிதந்து வரும் துணுக்கைப் பார்த்தே, எடுத்தவர் லிம்போமாவை நினைத்தாரா இல்லையா என்று ஓரளவு சொல்லிவிடலாம். லிம்போசைட் மிக மென்மையான செல். ஃபோர்செப்ஸால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் செல்கள் நசுங்கி, ஸ்லைடில் மையை இழுத்துவிட்டாற்போல் நீலக் கோடுகளாகத்தான் தெரியும். அதிலிருந்து எந்தப் பெயரும் சொல்ல முடியாது. ‘வட்டச் செல்கள் நசுங்கியுள்ளன, மறுபடி எடுக்கவும்’ என்று எழுத வேண்டிவரும்; நோயாளிக்கு மறுபடி ஊசி, மறுபடி தையல்.

ஊசி குத்தி உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை நெறிக்கட்டியில் முதல் துப்புக்கு உதவும். லிம்போமாவின் உட்பிரிவைச் சொல்ல அது போதாது. செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் நோயறிதலின் பகுதி என்பதால் கட்டியாகத் திசு வேண்டும். மேலே அழுகிக் கிடக்கும் பகுதியை விட்டு, ஆழத்திலிருந்து, போதுமான அளவில் எடுக்க வேண்டும். எடுத்ததைச் சலைனிலோ ஸ்பிரிட்டிலோ போடாமல், திசுவின் அளவைவிடப் பத்து மடங்காவது ஃபார்மலினில் போட வேண்டும். பெரிய மருத்துவமனையில் லிம்போமா என்று முன்கூட்டியே சந்தேகம் இருந்தால், ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் பச்சையாகவே அனுப்பச் சொல்வார்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனைக்கு உயிருள்ள செல்கள் தேவை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துணுக்கு எடுக்கும் முன் ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது. வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெத்தசோன் ஊசி போடுவது பல இடங்களில் சாதாரணம். லிம்போசைட்டுகளைக் கொல்லும் சக்தி ஸ்டீராய்டுக்கு உண்டு. லிம்போமா சிகிச்சையிலேயே அது ஒரு பங்கு. வீக்கம் மளமளவென்று சுருங்கும், எல்லோருக்கும் சந்தோஷம். அப்போது துணுக்கு எடுத்தால் செத்த செல்கள்தான் கிடைக்கும். சில வாரங்களில் கட்டி திரும்பி வரும். அதற்குள் நேரம் போயிருக்கும்.

துணுக்கு எங்களிடம் வந்தபின் மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு தடிமனில் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிறோம். லிம்போமா என்று தோன்றினால் அடுத்தது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, சுருக்கமாக ஐ.எச்.சி. செல்லின் மேல் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பது. சிடி20 இருந்தால் பி-செல் வகை. சிடி3 இருந்தால் டி-செல் பக்கம். கேஐ-67 என்ற எண் எத்தனை செல்கள் பிரிந்து பெருகும் நிலையில் இருக்கின்றன என்று காட்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ளதா என்று அறிய ஈபிஇஆர் சோதனை.

இந்தச் சோதனைகள் எல்லா ஊரிலும் கிடையாது. அதனால் மெழுகுக் கட்டையையும் ஸ்லைடுகளையும் பெரிய மையத்துக்குக் கொண்டுபோகச் சொல்வோம். ஒரு தடவை ஓர் அம்மாவின் மகள் அதை வாங்க வந்திருந்தார். சதுரமான பிளாஸ்டிக் கூடு, அதில் வெள்ளை மெழுகு, நடுவே மிளகளவு பழுப்பு நிறம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இவ்வளவுதானா மேடம்? இது தொலைஞ்சுபோச்சுன்னா என்ன பண்றது?”

“ஸ்லைடு ஒரு செட் இங்கேயே இருக்கும்மா. ஆனா புதுசா டெஸ்ட் பண்ணணும்னா இந்த ப்ளாக் வேணும். கைப்பையிலயே வச்சுக்கோங்க. வெயில்ல கார் டேஷ்போர்டு மேல மட்டும் வச்சுடாதீங்க, மெழுகு இளகிடும்.”

அவர் அதைத் துணியில் சுற்றி, கைக்குட்டைக்குள் வைத்து, பையின் உள் ஜிப்பில் போட்டுக்கொண்டார். நோயாளிகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அந்த மெழுகுக் கட்டையைக் கேட்டு வாங்கி இன்னொரு நிபுணரிடம் காட்ட உங்களுக்கு உரிமை உண்டு. லிம்போமாவில் இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பது ஆகாது. பல மையங்களில் வெளியிலிருந்து வரும் ஸ்லைடுகளைத் தாங்களே மறுபடி பார்க்காமல் கீமோ தொடங்குவதில்லை.

தாடையில் தொடங்கிய வரலாறு

லிம்போமா மருத்துவத்தின் மிகப் பெரிய கதைகளில் ஒன்று குழந்தைகளின் தாடையில்தான் தொடங்கியது. 1957இல் உகாண்டாவின் கம்பாலாவில், முலாகோ மருத்துவமனையில், ஹியூ ட்ரோவெல் என்ற மருத்துவர் ஒரு சிறுவனைப் பார்க்கும்படி அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட்டை அழைத்தார். பையனுக்கு மேல்தாடை, கீழ்தாடை, இரண்டு பக்கமும் வீக்கம். தொற்று ஒரே நேரத்தில் நாலு மூலையிலும் வராது. புற்றும் அப்படி வருவதில்லை என்றுதான் அன்றைய பாடப்புத்தகம் சொன்னது. கொஞ்ச நாளில் ஜிஞ்சா என்ற ஊர் மருத்துவமனையில் அதே முகத்தோடு இன்னொரு குழந்தையை பர்கிட் பார்த்தார். அந்தக் குழந்தையின் வயிற்றிலும் கட்டி இருந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, தாடைக் கட்டியும் வயிற்றுக் கட்டியும் வேறு வேறு பெயர்களில் எழுதப்பட்ட ஒரே நோய் என்று அவருக்குப் புரிந்தது. 1958இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அது லிம்போமா வகை என்று திசுவைப் பார்த்துத் தெளிவாக்கியவர் ஜார்ஜ் ஓ’கானர் என்ற நோய்க்குறியியலாளர்.

1961இல் பர்கிட்டும் இரு நண்பர்களும் ஒரு பழைய காரில் கிழக்கு, மத்திய ஆப்பிரிக்கா முழுக்கச் சுமார் பத்தாயிரம் மைல் சுற்றி, இந்த நோய் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று மருத்துவமனை மருத்துவமனையாகக் கேட்டறிந்தார்கள். வெப்பமும் மழையும் உள்ள, மலேரியா நிறைந்த பகுதிகளில் மட்டும் இருந்தது. அதே ஆண்டு லண்டனில் பர்கிட் பேசியதைக் கேட்ட ஆண்டனி எப்ஸ்டீன், இதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கலாம் என்று நினைத்தார். கம்பாலாவிலிருந்து விமானத்தில் திசுக்களை வரவழைத்துத் தேடினார். 1964இல் எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவோன் பார் மூவரும் அந்த வைரஸை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் கண்டதை அறிவித்தார்கள். மனிதனில் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அது. இன்று நான் ஈபிஇஆர் சோதனை கேட்டு எழுதும்போது தேடுவது அதே வைரஸைத்தான்.

பர்கிட் லிம்போமா வளரும் வேகம் பயங்கரமானது. ஒன்றிரண்டு நாளில் இரட்டிப்பாகும். கேஐ-67 கிட்டத்தட்ட 100 சதவீதம். குழந்தைக்கு ஒரு வாரத்தில் கடைவாய்ப்பற்கள் இடம் மாறி, முகம் கோணினால் ‘பால்பல் விழுகிற வயசு’ என்று விட்டுவிடக் கூடாது. ஆனால் அதே வேகம்தான் அதன் பலவீனமும். பிரிந்து பெருகும் செல்களைக் கொல்லும் மருந்துக்கு அது சட்டென்று கரையும். கம்பாலாவில் கதிர்வீச்சு வசதி இல்லாத அந்தக் காலத்தில், பர்கிட் சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகளைக் கொஞ்சமாகக் கொடுத்தே சில குழந்தைகளை நிரந்தரமாகக் குணமாக்கினார். இன்று வசதியுள்ள மையங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

இந்தக் கதைக்குச் சென்னையோடும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. கம்பாலாவில் லிம்போமா சிகிச்சை மையத்தை நடத்திய இயன் மக்ராத் பின்னாளில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பணியாற்றினார். 1980களில் அவரும், அடையாறு புற்றுநோய் நிலையத்தின் டாக்டர் வி. சாந்தாவும், மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் சேர்ந்து இந்தியக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு பொதுவான சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். எல்லா மையங்களும் ஒரே முறையைப் பின்பற்றி, ஒன்றாகக் கணக்குப் பார்த்து, பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பெரிதும் உயர்த்தினார்கள். வசதி குறைந்த நாட்டிலும் ஒழுங்கான சிகிச்சை முடியும் என்று காட்டிய வேலை அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

பெயர் மாறினால் மருந்து மாறும்

பெரியவர்கள் வாயில் அதிகம் காண்பது ‘டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல்’ வகை. சிடி20 இருக்கும். அதனால் சிடி20-ஐக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தோடு நான்கு மருந்துகள் சேர்ந்த ஆர்-சாப் சிகிச்சை. வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் முழுக்கக் குணமாகிறார்கள். 2007இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இந்த மருந்தை உள்நாட்டில் தயாரித்து வெளியிட்ட பிறகு, விலை எட்டக்கூடியதாகி நம் நோயாளிகள் பலருக்குக் கிடைக்க ஆரம்பித்தது. அதைத் தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். உடம்பில் தூங்கிக் கிடக்கும் அந்த வைரஸை ரிட்டுக்சிமாப் எழுப்பிவிடலாம்.

இதே மாதிரிப் பெரிய செல்கள், இதே மாதிரி ஈறு வீக்கம். ஆனால் சிடி20 இல்லை, சிடி138 இருக்கிறது, ஈபிஇஆர் இருக்கிறது. இது பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா. 1997இல் டெலெக்லூஸும் அவருடைய சகாக்களும் இதைத் தனி நோயாக முதலில் விவரித்தார்கள். அவர்கள் விவரித்த 16 பேருக்கும் வாயில்தான் கட்டி, அவர்களில் 15 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று. இந்த நோயில் ரிட்டுக்சிமாப் பிடித்துக்கொள்ள சிடி20 இல்லாததால் அதனால் பயன் இல்லை. அந்த நான்கு மருந்துகள் மட்டும் சேர்ந்த சாப் சிகிச்சையைவிடத் தீவிரமான, எபாக் போன்ற முறைகள் தேவைப்படும். அவசரமாகப் பார்த்தால் இதைச் செதிள்செல் புற்று என்றோ மயலோமா எனும் பிளாஸ்மா செல் புற்றுநோய் என்றோ தவறாக எழுதிவிட வாய்ப்பு உண்டு. சிடி138 என்ற ஒன்றை மட்டும் நம்பினால் அப்படித்தான் ஆகும்; அது சாதாரண மேற்படலச் செல்களிலும் இருக்கிறது.

பலருக்குத் தங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பது இந்த ஈறுக் கட்டியின் மூலமாகத்தான் முதலில் தெரியவரும். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவால் கண்டறியப்பட்டன; 2004 முதல் கூட்டு மருந்து சிகிச்சை அரசு மையங்களில் இலவசம். அந்த மருந்தும் கீமோவும் சேர்ந்து போனால்தான் நோயாளிக்கு வாய்ப்பு. பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கும்போதும் முடிவைச் சொல்லும்போதும் மருத்துவரின் குரலில் ஒரு துளி தீர்ப்பு தொனித்தாலும் நோயாளி திரும்ப வரமாட்டார். இதில் நாம் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்தது அண்ணத்தின் நடுவில் ஓட்டை விழவைக்கும் நோய். என்.கே./டி-செல் லிம்போமா. மூக்கில் தொடங்கி அண்ணத்தைத் துளைத்துக் கீழே வரும். முன்பு இதற்கு லிம்போமா என்ற பெயர்கூட இல்லை. நடுமுகத்தை அழிக்கும் மர்ம நோயாக எழுதிவைத்திருந்தார்கள். கிழக்காசியாவிலும் தென்னமெரிக்காவிலும் அதிகம், இங்கும் உண்டு. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் அண்ணம் கறுத்து வந்தவர்களைக் கண்ட நமக்கு, இனி அண்ணம் அழுகினாலே கறுப்புப் பூஞ்சைதான் தோன்றும். அதையும் காசநோயையும் சிபிலிஸையும் ஒதுக்க வேண்டியது அவசியம்தான். ஆனால் பூஞ்சை மருந்துக்கு அடங்காமல் பூஞ்சையும் கிடைக்காமல் இருந்தால், மறுபடி ஆழமாகத் துணுக்கு எடுங்கள். இந்த நோய் ரத்தக் குழாய்களை அடைத்துச் சதையைச் சாகடிப்பதால், முதல் துணுக்கில் செத்த திசு மட்டுமே வருவது சகஜம். இங்கே சாப் வகை மருந்துகள் சரியாக வேலை செய்யாது. அந்தச் செல்கள் மருந்தை வெளியே தள்ளிவிடும். ஆரம்ப நிலையில் 50 கிரே அளவிலான கதிர்வீச்சும் அஸ்பராஜினேஸ் சேர்ந்த மருந்துகளும்தான் பலன் தருகின்றன.

மென்மையான முகம் கொண்டவையும் உண்டு. கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோகிரன் நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் லிம்போமா வரலாம். பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் மால்ட் வகை. காதுக்குக் கீழே ஒரு பக்க வீக்கம் மாதக்கணக்கில் போகாமல் இருந்தால் காட்டுங்கள். இது மெதுவாக வளர்வது. குறைந்த அளவு கதிர்வீச்சு போதும், சிலருக்குச் சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பே போதும்.

எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்றைக் கடைசியாக வைத்திருக்கிறேன். மூட்டுவாதத்துக்கு வருடக்கணக்கில் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் வயதானவர். ஈறில் வட்டமான, எல்லை தெளிவான ஆறாத புண். ஸ்லைடில் பார்த்தால் ஹாட்ஜ்கின் லிம்போமாவைப் போலப் பெரிய செல்கள், ஈபிஇஆர் நிறைய. 2010இல் தனி நோயாக விவரிக்கப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ் புண் இது. மூட்டு மருத்துவரோடு பேசி மாத்திரையைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் புண் தானாக ஆறிவிடும். ‘லிம்போமா’ என்று மொட்டையாக எழுதிவிட்டால் அந்தப் பெரியவருக்கு முழு கீமோ போய்ச் சேரும். அதனால்தான், துணுக்கோடு அனுப்பும் விண்ணப்பத் தாளில் ‘ஈறில் புண்’ என்று மட்டும் எழுதாமல், நோயாளி சாப்பிடும் மாத்திரைகளையும் எழுதுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

சிகிச்சைக்குள் போகும் முன்பும் போகும்போதும்

பெயர் கிடைத்ததும் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பார்கள்: பெட்-சி.டி. ஸ்கேன், ரத்தத்தில் எல்.டி.எச்., தேவைப்பட்டால் எலும்பு மச்சை, முதுகுத் தண்டு நீர். பர்கிட் போன்ற வேகமான வகையில் இதற்கெல்லாம் வாரக்கணக்கில் காத்திருக்க மாட்டார்கள். முதல் மருந்திலேயே கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் முன்பே டிரிப் ஏற்றி, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

இந்த இடத்தில் பல் மருத்துவருக்கு வேலை இருக்கிறது. அவகாசம் இருந்தால், காப்பாற்ற முடியாத சொத்தைப் பற்களைக் கீமோவுக்குப் பத்து நாள் முன்பாவது எடுத்துவிட வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த நேரத்தில் சாதாரணப் பல் சீழே உயிருக்கு ஆபத்தாகும். ஆனால் கட்டியிருக்கும் இடத்தில் ஆடும் பல்லைத் தொட வேண்டாம். மருந்துக்குக் கட்டி கரைந்ததும் அந்தப் பற்கள் மறுபடி உறுதியாவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கீமோ நடக்கும்போது வாய் புண்ணாகும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு போட்டு அடிக்கடி கொப்பளித்தால் இதமாக இருக்கும். எரியும் மவுத்வாஷ் வேண்டாம். மிக மென்மையான பிரஷ். ஊறுகாய், வற்றக்குழம்புக்குக் கொஞ்ச நாள் விடுமுறை; தயிர்சாதம், கஞ்சி, குழைய வேகவைத்த பருப்பு. நாக்கில் வெள்ளைப் படலம் வந்தால் உடனே சொல்லுங்கள், அது பூஞ்சையாக இருக்கலாம். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு உமிழ்நீர் குறைந்து பல் வேகமாகச் சொத்தையாகும். தினமும் ஃப்ளோரைடு வேண்டும். கதிர்பட்ட தாடையில் பிற்காலத்தில் பல் பிடுங்க நேர்ந்தால், கதிர்வீச்சு எடுத்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லாமல் உட்காரக் கூடாது. அந்த எலும்பு ஆறுவது கடினம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகள் உண்டு. காப்பீட்டு அனுமதிக்குத் திசு அறிக்கை வேண்டும். அறிக்கை மொட்டையாக இருந்தால் அனுமதியும் தாமதமாகும் என்பதால், அதில் லிம்போமாவின் முழுப் பெயரும் ஐ.எச்.சி. முடிவுகளும் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

நோயாளிகளுக்கு: வாயில் எந்தப் புண்ணும் எந்த வீக்கமும், காரணம் என்று நினைத்ததைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், ‘டாக்டர், பயாப்ஸி எடுக்கலாமா?’ என்று நீங்களே கேளுங்கள். கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துணுக்கு எடுப்பதால் லிம்போமா பரவுவதில்லை. எடுக்காமல் கழிந்த மாதங்களில்தான் அது வளர்கிறது.

பல் மருத்துவ நண்பர்களுக்கு: உங்கள் கிளினிக்கில் தினமும் வரும் ஈறு வீக்கங்களில் லிம்போமா எத்தனையோ வருடத்துக்கு ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்றைப் பிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் எடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்த நோய்க்குறியியலாளரை ஃபோனில் கூப்பிடுங்கள். எவ்வளவு, எங்கிருந்து, எதில் போட்டு அனுப்புவது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவோம். ஒரு பல்லைப் பிடுங்கும்போது குழியிலிருந்து வழக்கத்துக்கு மாறான சதை வந்தால், அதைப் பஞ்சோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஃபார்மலினில் போட்டு அனுப்புங்கள். பெயர் என்ன என்று சொல்வது எங்கள் பொறுப்பு.